தராசு கேட்காத கை

அமெரிக்கக் காற்பந்து உலகில் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கும் கருத்துகளுள் ஒன்று, இடக்கையால் பந்தெறிபவர் அந்த ஆட்டத்தின் தலைமை இடத்துக்குப் பொருந்தமாட்டார் என்பது. குவாட்டர்பேக் எனப்படும் அந்த இடத்தில் நிற்பவரே, ஒவ்வொரு முறை ஆட்டம் தொடங்கும்போதும் பந்தைக் கையில் வாங்கி, எதிரணியினர் பாய்ந்து வந்து தம்மை வீழ்த்துவதற்குள் அதை யாருக்கு எறிவது என்று ஓரிரு நொடிகளில் முடிவெடுப்பவர். அணியின் வெற்றி தோல்வி மற்ற எவரையும்விட அவரையே சார்ந்திருக்கும். என்.எஃப்.எல். என்று அழைக்கப்படும் தொழில்முறைத் தொடரில் 32 அணிகள் உள்ளன. அவற்றில் இடக்கையர் தலைமையேற்கும் அணிகள் அண்மைக் காலத்தில் ஒன்றோ இரண்டோதான். 2016 ஜனவரிக்குப் பிறகு 2020 அக்டோபர் வரை இடக்கைக் குவாட்டர்பேக் எவரும் அத்தொடரின் ஆட்டங்களில் ஒரு பந்துகூட எறியவில்லை. இவ்வளவு அரிதாக இருப்பதே அவர்களுடைய தகுதியின்மைக்குச் சான்று என்று வாதிடப்படுகிறது.

இதே வாதம், அந்த ஆட்டத்தின் பெயரைக்கூடக் கேட்டறியாமல், பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், ரிங்லெட் வட்டாரத் தேயிலைத் தோட்டங்களின் தமிழ்க் குடும்பங்களிலும் வழங்கிவருகிறது. இடக்கையில் பென்சிலைப் பிடிக்கும் குழந்தையிடமிருந்து அதை வாங்கி வலக்கையில் வைக்கும் தாயோ ஆசிரியரோ கொடுமை செய்யும் எண்ணத்தில் அப்படிச் செய்வதில்லை. இடக்கைக்காரர்கள் எங்கும் குறைவு, குறைவாக இருப்பதற்குக் காரணம் இல்லாமல் இராது, உலகம் வலக்கைக்கென்று அமைந்துவிட்டது, ஆகவே பிள்ளை பிற்காலத்தில் திண்டாடாமல் இருக்க இப்போதே மாற்றிவிடுவது நல்லது என்பதே அவர்களுடைய கணக்கு. அண்டை அயலில் வாழும் மலாய், சீனக் குடும்பங்களிலும் வலக்கை வழக்கமே போற்றப்படுவதால், இந்தக் கணக்கைக் கேள்வி கேட்க வேண்டிய நெருக்கடி எவருக்கும் நேர்வதில்லை. ஆயினும் கணக்கின் முதல் வரியே தவறு. ஓரிடத்தில் இடக்கையர் அரிதாக இருப்பது அவர்களுடைய இயலாமையைக் காட்டுவதில்லை; பெரும்பாலும் அந்த இடத்துக்குச் செல்லும் வழி எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது.

தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பழைய மலைச்சாலையில், கேமரன் மலையின் முதல் ஊராக எதிர்ப்படுவது ரிங்லெட். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் இந்த வட்டாரத்தைச் சேர்ந்தது. இன்று சரிவுகளில் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் மிகுதியாகக் காணப்பட்டாலும், தொடக்கத் தலைமுறைகளில் அந்தச் சரிவுகளைப் பராமரித்தவர்களில் தமிழர்களே பெரும் பங்கினர். கைகளால் கொழுந்து பறித்த காலத்து வேலைமுறையைக் கூர்ந்து நோக்கினால், இந்த மறுப்புக்குத் தேவையான முதல் சான்று அங்கேயே கிடைத்துவிடும். நுனியில் நிற்கும் மொட்டையும் அதன் கீழுள்ள இரண்டு இளம் இலைகளையும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்து ஒடித்தெடுக்கும் அந்த வேலையில், தேர்ந்த பெண்கள் இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் ஓட்டினார்கள். வலக்கை ஒரு கிளையில் இருக்கையில் இடக்கை அடுத்த கிளையைத் தேடிக்கொண்டிருக்கும். உள்ளங்கைகள் நிரம்பியதும் கொழுந்து தோளுக்குமேலாகப் பின்கூடையில் விழும். தேயிலைச் செடிக்கு வலப்பக்கம், இடப்பக்கம் என்று ஒன்றில்லை. கூடையை நிறுத்துப் பேரேட்டில் குறிப்பவர் பார்த்தது எடையையும், முற்றிய இலை கலந்திருக்கிறதா என்பதையும்தான். எந்தக் கை பறித்தது என்று தராசு கேட்டதில்லை.

அதே பெண்மணி வேலை முடிந்து வீடு திரும்பியதும் நிலைமை மாறிவிடுகிறது. சோறு பரிமாறுவது, விருந்தினருக்குத் தண்ணீர் கொடுப்பது, கோயிலில் திருநீறு வாங்குவது ஆகிய ஒவ்வொன்றிலும் எந்தக் கை என்பது கவனிக்கப்படுகிறது. பிள்ளை பள்ளிக்குச் சென்றால் எழுதும் கையும் கவனிக்கப்படுகிறது. காட்டில் விளைவு அளக்கப்பட்டது, வீட்டிலும் வகுப்பறையிலும் பாங்கு அளக்கப்படுகிறது என்பதே வேறுபாடு. கொடுப்பதிலும் வாங்குவதிலும் வலக்கையை நீட்டுவது ஒரு மரியாதை; அதை எந்தக் கையருக்கும் எளிதில் பழக்கிவிடலாம், அதைக் குறைகூற வேண்டிய தேவையில்லை. எழுதுவது, எறிவது, வெட்டுவது போன்ற நுண்வேலைகள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. மரியாதைக்கு உரிய விதியை வேலைக்கும் நீட்டியதுதான் பிழை. அந்த நீட்டிப்புக்கு இயற்கையின் பெயரைச் சூட்டியது அதைவிடப் பெரிய பிழை.

இயற்கையே ஒரு பக்கத்தைத் தீர்மானிக்கும் தொழில்களும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. மலேசியத் தமிழர் நன்கறிந்த ரப்பர் மரம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் பட்டைக்குள் பால் நிறைந்திருக்கும் நுண்குழாய்கள் செங்குத்தாக நிற்பதில்லை. மேலே போகப் போகச் சில பாகை அளவுக்கு வலப்புறம் சாய்ந்து மரத்தைச் சுற்றி ஏறுகின்றன. அதனால் இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் சீவினால்தான் கூடுதலான குழாய்கள் அறுபட்டுப் பால் நன்றாக வடியும். எதிர்ச்சரிவில் சீவினால் அதே நீளமுள்ள வெட்டிலிருந்து குறைவான பாலே கிடைக்கும். இது ஆராய்ந்தறிந்த உண்மை, வழக்கமோ நம்பிக்கையோ அன்று. ஆயினும் மரம் விதிப்பது வெட்டின் சரிவைத்தான், கத்தி பிடிக்கும் கையை அல்ல. இடக்கையர் தாம் நிற்கும் நிலையை மாற்றிக்கொண்டு அதே சரிவில் சீவலாம். அவருடைய திறமை, உயிர்த்திசுவில் காயம்படாமல் பட்டையை எவ்வளவு மெல்லியதாகச் சீவினார் என்பதில்தான் வெளிப்படும். இயற்கை உண்மையிலேயே ஒரு பக்கம் சாயும் இடத்தில்கூட இடக்கைக்கு வழியிருக்கிறது என்றால், அத்தகைய சாய்வே இல்லாத எழுதுபலகையிலும் ஆடுகளத்திலும் அதை மறுப்போர் வலுவான காரணம் காட்டக் கடமைப்பட்டவர்கள்.

அவர்கள் பெரும்பாலும் காட்டுவது எண்ணிக்கையைத்தான். எண்ணிக்கை எவ்வாறு உருவாகிறது என்பதைத் தெளிவாகக் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. 1986இல் நேஷனல் ஜியோகிராபிக் இதழ், வாசனையை உணரும் திறன் பற்றிய வினாத்தாளைத் தன் வாசகர்களுக்கு அனுப்பியபோது, எந்தக் கையால் எழுதுகிறீர்கள், எந்தக் கையால் எறிகிறீர்கள் என்ற கேள்விகளும் அதில் இருந்தன. ஒரு மில்லியனுக்கும் மேற்பட்டோர் விடையனுப்பினர். அந்த விடைகளைப் பகுத்து 1992இல் வெளியான ஆய்வின்படி, இளையோரில் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு ஒருவர் இடக்கையராக இருக்க, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த முதியோரில் அந்த அளவு மூன்று நான்கு விழுக்காடாகச் சுருங்கியிருந்தது. மனித உடல் அறுபது எழுபது ஆண்டுகளில் மாறிவிடுவதில்லை. மாறியது பள்ளிக்கூடம். பிரம்போடு நின்ற ஆசிரியர் விலகியதும் இடக்கையரின் எண்ணிக்கை தன் இயல்பான அளவுக்கு ஏறிவிட்டது.

எண்ணிக்கையைப் படிக்கத் தெரியாமல் படித்தால் அறிஞர்களும் எங்கே சென்று நிற்பார்கள் என்பதற்கும் அதே காலத்தில் ஒரு சான்று தோன்றியது. 1991இல் டயான் ஹால்பெர்ன், ஸ்டான்லி கோரன் ஆகிய உளவியலாளர்கள், தெற்குக் கலிபோர்னியாவில் இறந்தவர்களின் விவரங்களைத் திரட்டி, வலக்கையர் சராசரியாக 75 வயதிலும் இடக்கையர் 66 வயதிலும் இறந்திருப்பதாகப் புகழ்பெற்ற மருத்துவ இதழொன்றில் எழுதினர். இடக்கையர் ஒன்பது ஆண்டுகள் முன்னதாகவே இறந்துவிடுகிறார்கள் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. ஆனால் மிக முதியவர்கள் பிறந்த காலத்தில் இடக்கையர் பலரும் சிறுவயதிலேயே வலக்கையராக மாற்றப்பட்டிருந்ததால், முதுமையில் இறந்தோரின் பட்டியலில் இடக்கையர் என்று பதிவாவோரே குறைவு. இடக்கையர் என்று பதிவானோரில் இளைய தலைமுறையினரே மிகுதி. அதனால் அவர்கள் இறந்த வயதின் சராசரியும் தாழ்ந்தது. இந்த விளக்கத்தைப் பிற ஆய்வாளர்கள் முன்வைத்தனர். ஒரே குழுவினரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து நடத்தப்பட்ட ஆய்வுகளிலும் ஒன்பதாண்டு இடைவெளி தென்படவில்லை. ஆனாலும் அந்த அச்சம் இன்றும் பேச்சில் உலவுகிறது. தடுத்து நிறுத்தப்பட்டவர்களைக் காணவில்லை என்று சொல்லி, காணாமையையே அவர்கள்மேல் குற்றமாகச் சுமத்தும் இந்த முறைதான் குவாட்டர்பேக் வாதத்திலும் செயல்படுகிறது.

அங்கு எண்ணிக்கையே மிகச் சிறியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மக்களில் பத்துப் பேருக்கு ஒருவர் இடக்கையர் என்று கொண்டால், 32 இடங்களில் மூவர் இருப்பதே எதிர்பார்க்கத்தக்கது. எந்தப் பாகுபாடும் இன்றிக் குலுக்கலில் தேர்ந்தெடுத்தாலும், அந்த 32 பேரில் இடக்கையர் ஒருவரோ அதற்கும் குறைவோ அமைவதற்கு ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஒருவரும் இல்லாமல் போவதற்கே முப்பதில் ஒன்று. மேலும், ஓராண்டில் இடம்பிடித்தவரே அடுத்தடுத்த ஆண்டுகளிலும் தொடர்வதால், ஏறத்தாழ ஐந்தாண்டு வெற்றிடம் என்பது ஆண்டுக்கொன்றாக நடந்த தனித்தனிக் குலுக்கல்களின் விளைவு அன்று. டாம் பிரேடி, டுரூ பிரீஸ், ஆரோன் ராட்ஜர்ஸ் போன்ற வலக்கைக் குவாட்டர்பேக்குகள் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக அசையாமல் அமர்ந்திருந்த இடங்கள் காலியாகவே இல்லை. இத்தகைய சிறு எண்ணிக்கையைக் கொண்டு ஒரு கையின் தகுதியைத் தீர்ப்பிடுவது முறையான சிந்தனை ஆகாது.

எண்ணிக்கையை விட்டுவிட்டு இயக்கவியலுக்குத் திரும்புவோர் சொல்லும் காரணம் பந்தின் சுழற்சி. இருமுனையும் கூர்ந்த அந்தப் பந்து தன் நீள அச்சைச் சுற்றிச் சுழன்றபடியே பறக்கும். வலக்கையர் எறிந்தால், எறிபவரின் பக்கமிருந்து பார்க்கையில் கடிகாரமுள் திசையில் சுழன்று, நெடுந்தொலைவில் சற்று வலப்புறம் ஒதுங்கும். இடக்கையர் எறிந்தால் இரண்டும் தலைகீழாகும். பந்தைப் பிடிப்பதற்காக ஓடுபவர்கள் சிறுவயது முதல் வலக்கைச் சுழற்சிக்கே பழகியவர்களாதலால், மாற்றுச் சுழற்சி அவர்கள் கையில் நிற்காது என்பது வாதம். சுழற்சி மாறுவது உண்மை. கையில் நிற்காது என்பதற்கான விடை ஆட்டப் பதிவேடுகளில் இருக்கிறது. பந்து பிடிப்பதில் வரலாற்றிலேயே முதலிடம் வகிக்கும் ஜெரி ரைஸ், சான் பிரான்சிஸ்கோ அணியில் முதலில் வலக்கை ஜோ மொன்டானாவிடமும் பின்னர் இடக்கை ஸ்டீவ் யங்கிடமும் பந்து பெற்றவர். 1995 ஜனவரியில் நடந்த சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில் யங் ஆறு முறை எல்லைக்கோட்டைக் கடக்கச் செய்த எறிதல்களில் மூன்றைப் பிடித்தவர் ரைஸ். பந்தைப் பிடித்து முன்னேறிய தொலைவில், அவர் தம் வாழ்நாளிலேயே ஒரு பருவத்தில் மிக அதிகமாக 1,848 யார்டு ஈட்டியது அதே ஆண்டு தொடங்கிய அடுத்த பருவத்தில். அந்தப் பருவத்தில் யங் காயமுற்று ஐந்து ஆட்டங்களில் விலகியிருந்தபோது வலக்கை எல்விஸ் கிர்பாக் எறிந்தார், யங் திரும்பியதும் மீண்டும் இடக்கை. ஒரே பருவத்துக்குள் கை மாறி மாறி வந்தும் ரைஸின் கணக்கு ஏறிக்கொண்டே போயிற்று.

இது பழைய கதை என்று ஒதுக்குவோருக்கு டைரீக் ஹில்லின் கணக்கு போதும். கான்சாஸ் சிட்டியில் பேட்ரிக் மஹோம்ஸ் என்னும் ஒப்பற்ற வலக்கையரிடம் பந்து பெற்ற காலத்தில் அவர் ஒரு பருவத்தில் எட்டிய உச்சம் 1,479 யார்டு. மயாமிக்கு மாறி, இடக்கை டுவா டாகோவைலோவாவுடன் ஆடத் தொடங்கிய 2022இல் அது 1,710 ஆகவும், டுவா எல்லா ஆட்டங்களிலும் தொடக்க வீரராக இறங்கிய 2023இல் 1,799 ஆகவும் உயர்ந்தது. அதே 2023இல் 4,624 யார்டு எறிந்து என்.எஃப்.எல். முழுவதிலும் முதலிடம் பெற்றவர் டுவாதான். பழகாத சுழற்சி என்பது பயிற்சிக் களத்தில் சில வாரங்களில் தீரும் சிக்கல் என்பதை இதைவிடத் தெளிவாக நிறுவ முடியாது. மலேசியர்களுக்கு அண்மையான எடுத்துக்காட்டு வேண்டுமெனில், பூப்பந்து இரட்டையரில் இடக்கை தான் பூன் ஹியோங்கும் வலக்கை கூ கியென் கீட்டும் இணைந்து 2006 டோஹா ஆசிய விளையாட்டில் தங்கமும் 2007 அகில இங்கிலாந்துப் பட்டமும் வென்றதை நினைவுகூரலாம். கூட்டாளியின் கை வேறு என்பதற்கேற்ப நிற்கும் இடத்தையும் நகரும் வழியையும் அமைத்துக்கொண்டபோது, அந்த வேறுபாடே அவர்களுக்கு வலிமையாயிற்று.

இன்னும் வலுவான மறுப்பு அதே என்.எஃப்.எல். தொடருக்குள்ளேயே இருக்கிறது. எதிரணியிடம் பந்தை ஒப்படைக்க வேண்டிய நிலையில் அதை உயரே நெடுந்தொலைவுக்கு உதைத்தனுப்பும் வேலைக்கென்று ஒவ்வோர் அணியிலும் ஒரு தனி வீரர் உண்டு. பில் பெலிசிக் பயிற்றுவித்த நியூ இங்கிலாந்து அணி ஸோல்டன் மெஸ்கோ, ரயன் ஆலன் போன்ற இடக்கால் வீரர்களையே அந்த இடத்தில் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தது. இடக்காலால் உதைத்த பந்து மாற்றுத் திசையில் சுழல்வதால் எதிரணியினர் அதைப் பிடிக்கத் தடுமாறக்கூடும் என்பதே அதற்குப் பரவலாகச் சொல்லப்பட்ட விளக்கம். எதிரியைத் தொல்லைப்படுத்தும்போது விலைமதிப்புள்ளதாகும் சுழற்சி, தன் அணிக்குள் வரும்போது மட்டும் குறையாகிவிடுகிறது. எதிரி அதற்குப் பழகுவதற்கு வாரத்தில் ஓரிரு நாள்களே இருக்கும். தன் அணியினருக்கோ ஆண்டு முழுவதும் இருக்கிறது. குறை கையில் இல்லை. பழகிக்கொள்ள மனம் வைக்காத ஏற்பாட்டில் இருக்கிறது.

பாதுகாப்பைப் பற்றிய இரண்டாம் காரணம் இதைவிடவும் மெலிந்தது. வலக்கையர் எறிவதற்காக உடலைத் திருப்பி நிற்கும்போது அவருடைய இடப்பக்கம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. அந்த மறைபக்கத்திலிருந்து பாயும் எதிரியைத் தடுக்கத் தடுப்பு வரிசையின் இடது ஓரத்தில் மிகச் சிறந்த வீரரை நிறுத்துவது வழக்கம். இடக்கையருக்கு மறைபக்கம் வலப்புறம் என்பதால், அந்த ஒழுங்கு குலைந்துவிடும் என்கிறார்கள். வலது ஓரத்திலும் ஒரு நல்ல தடுப்பாளர் நின்றால் ஒழுங்கு மீண்டும் அமைந்துவிடும். மயாமி அணியும் முதலில் இடது ஓரத்தில் ஆடிய ஆஸ்டின் ஜாக்சனைப் பின்னர் வலது ஓரத்துக்கு மாற்றிக்கொண்டது. எதிரணியின் சிறந்த பாய்ச்சல் வீரர்கள் இப்போதெல்லாம் இரு ஓரங்களிலிருந்தும் மாறி மாறி வருவதால், இடது ஓரத்தை மட்டும் காத்து நிம்மதியடையக்கூடிய அணி எதுவும் இல்லை. ஓக்லண்ட் அணிக்கு 1977 ஜனவரியில் சூப்பர் பௌல் வென்று தந்த கென் ஸ்டேப்லர், 1988இல் தொடரின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வான பூமர் எசையாசன், அதே சிறப்பை 1992, 1994 ஆகிய ஆண்டுகளில் பெற்ற யங் ஆகிய மூவரும் இடக்கையர். ஸ்டேப்லரும் யங்கும் அந்த ஆட்டத்தின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றவர்கள்.

இவ்வாறாயின் இடக்கையர் ஏன் இன்னும் மிகுதியாக வரவில்லை என்று கேட்பது நியாயம். வேகமாக எறியும் இடக்கைச் சிறுவனை அமெரிக்காவில் பேஸ்பால் முதலில் கவர்ந்துகொள்கிறது என்பது விடையின் பெரும்பகுதி. அந்த ஆட்டத்தில் பந்தெறிபவர்களில் ஏறத்தாழ முப்பது விழுக்காட்டினர் இடக்கையர். மட்டையாளருக்கு முடிவெடுக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவாதலால், பழகாத கோணத்திலிருந்து வரும் பந்து அவரைத் தடுமாறச் செய்கிறது. அதனால் இடக்கை எறிவாளருக்குப் பெருவிலை தரப்படுகிறது. டல்லாஸ் புறநகரில் ஒரே பள்ளியில் படித்த இரு நண்பர்களில், வலக்கை மேத்யூ ஸ்டாஃபோர்டு குவாட்டர்பேக் ஆனார். இடக்கை கிளேட்டன் கெர்ஷா அவருக்குப் பந்தைப் பின்னால் தள்ளிக்கொடுக்கும் நடுவீரராகப் பள்ளியில் சிறிது காலம் ஆடிவிட்டு, பேஸ்பாலில் தம் தலைமுறையின் தலைசிறந்த எறிவாளராக உயர்ந்தார். அங்கே இருப்பவரை இங்கே காணவில்லை என்று சொல்லிக் கையின் தகுதியைக் குறைப்பது பொருந்தாது.

தமிழ்நாட்டின் அனுபவமும் இதற்குத் துணைநிற்கிறது. சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த இடக்கை வேகப்பந்து வீச்சாளர் த. நடராஜன், 2020ஆம் ஆண்டு இறுதியில் வலைப்பயிற்சியில் பந்துவீசுவதற்காக ஆஸ்திரேலியாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, அதே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் 78 ஓட்டங்கள் கொடுத்து மூன்று விக்கெட் எடுத்தார். வலைப்பயிற்சியில் இடக்கை வீச்சாளரைத் தேடி வைத்திருப்பது கிரிக்கெட் அணிகளின் வழக்கம். அந்தக் கோணத்தின் அருமையை அவை அறியும். ஏழைக் குடும்பத்தில் பிறந்த அந்தச் சிறுவனின் கையை யாரேனும் நல்லெண்ணத்தோடு மாற்றியிருந்தால் இழப்பு எவருக்கும் தெரிந்திருக்காது என்பதுதான் இங்கு மனத்தை உறுத்தும் செய்தி. மாற்றப்பட்ட கைகளைப் பற்றிய பதிவேடு எங்கும் இல்லை.

டுவாவைச் சுட்டிக்காட்டி எதிர்வாதம் செய்ய இடமுண்டு. அதையும் நேராக எதிர்கொள்ள வேண்டும். டுவா பிறப்பால் வலக்கையர். எழுதுவதும் உண்பதும் வலக்கையால்தான். இடக்கையரான தந்தை, மகனும் தம்மைப் போல எறிய வேண்டும் என்று விரும்பிச் சிறுவயதிலேயே எறியும் கையை மாற்றினார். அவ்வளவு எளிதாகக் கையை மாற்ற முடியுமெனில், ரிங்லெட்டில் ஒரு குழந்தையின் கையை வலப்புறம் மாற்றுவதில் என்ன தீங்கு என்று கேட்கலாம். அந்தத் தந்தை செய்ததும் திணிப்பே. அது வெற்றியில் முடிந்ததால் முறையாகிவிடாது. ஆனால் அந்த நிகழ்வு ஒன்றை ஐயமின்றி நிறுவுகிறது. இடக்கை எறிதல் தன்னளவில் தாழ்ந்ததாக இருந்தால், இயல்பாக வலக்கையராகப் பிறந்த ஒருவர் அதைக் கற்று உலகின் மிகக் கடுமையான தொடரில் முதலிடம் பெற்றிருக்க முடியாது. மாற்ற முடியும் என்பது மாற்ற வேண்டும் என்பதற்குக் காரணமாகாது. மாற்றுவதற்கான உழைப்பும் அவமானமும் முழுக்கக் குழந்தையின் தலையில் விழ, அதனால் குழந்தைக்குக் கிடைக்கும் நன்மை என்னவென்று மாற்றுவோர்தாம் சொல்ல வேண்டும்.

வலக்கை ஆட்டம் என்று கருதப்படுபவற்றின் உள்ளமைப்பும் இந்தப் பிரிவினையைத் தாங்குவதில்லை. மலேசியத் தமிழர் பலர் நாட்டுக்கு ஆடிய ஹாக்கியில் இடக்கைக் கோலே கிடையாது. கோலின் இடப்பக்கம் மட்டுமே தட்டையாக இருக்க வேண்டும் என்பது விதியாதலால் அனைவரும் ஒரே விதமாகத்தான் பிடிக்க முடியும். ஆயினும் அந்தப் பிடியில் மேலே இருப்பது இடக்கை. பந்தை இப்புறமும் அப்புறமும் உருட்டிச் செல்கையில் கோலைச் சுழற்றுவது அதன் மணிக்கட்டுதான், வலக்கை கீழே தளர்வாகத் துணைநிற்கிறது. கிரிக்கெட்டில் இடக்கை மட்டையாளர் எனப்படும் வாஷிங்டன் சுந்தர் பந்துவீசுவது வலக்கையால். சாய் சுதர்சனும் அப்படியே. எழுதுவதற்கு இடக்கையைப் பயன்படுத்தும் சச்சின் டெண்டுல்கர் வலக்கை மட்டையாளராகவே உலகுக்கு அறிமுகமானவர். தொழில்முறை மட்டையாளர்களிடையே, தம் வலிமையான கையை மட்டையின் மேற்பிடியில் வைத்து ஆடுவோர் சாதாரண ஆட்டக்காரர்களைவிடப் பல மடங்கு மிகுதி என்று 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வலம், இடம் என்று பெயரிட்டு அடுக்கிவைத்த பெட்டிகளுக்குள் மனிதக் கை அடங்குவதில்லை.

ரிங்லெட் தேயிலைக் காட்டிலும் கருவிகள் வந்த பிறகு பக்கம் என்பது புதிதாக நுழைந்திருக்கிறது. செங்குத்தான சரிவுகளில் இப்போது பயன்படும் இருகைக் கத்தரியில், வெட்டிய கொழுந்தைச் சேர்க்கும் பை ஓர் அலகின்மேல் பொருத்தப்பட்டிருப்பதால், எந்தக் கை எதைச் செய்ய வேண்டும் என்பதைக் கருவி செய்தவர் முன்பே தீர்மானித்துவிடுகிறார். செடியில் இல்லாத பக்கம் கத்தரியில் இருக்கிறது. வகுப்பறைக் கத்தரிக்கோலிலும் அப்படித்தான்: வலக்கையால் அழுத்தும்போது இரண்டு அலகுகளும் ஒன்றோடொன்று நெருங்கி வெட்டுகின்றன, இடக்கையால் அழுத்தினால் அவை விலகித் தாளை மடக்குகின்றன, வெட்டும் கோடும் மேலலகின் பின்னால் மறைந்துவிடுகிறது, அதைக் கண்டு ஆசிரியர் குழந்தைக்குக் கைவேலை வரவில்லை என்று முடிவுகட்டுகிறார். அலகுகள் எதிர்மாறாகப் பொருத்தப்பட்ட கத்தரிக்கோல்கள் விற்பனைக்கு உள்ளன; ஒரு வகுப்புக்கு இரண்டு மூன்று போதும். எழுதும் தாளை வலப்புறமாகச் சற்றுச் சாய்த்து வைத்து, பென்சிலை நுனியிலிருந்து கொஞ்சம் மேலே பிடிக்கப் பழக்கினால், இடக்கைக் குழந்தை தான் எழுதியதைத் தன் கையால் மறைக்காமலும் அழிக்காமலும் எழுதும். இருவர் அமரும் மேசையில் அந்தக் குழந்தையை இடது ஓரத்தில் உட்காரவைத்தால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு மோதல் இராது. இவற்றுள் எதற்கும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தோட்டத் தமிழ்ப்பள்ளியின் ஓர் ஆசிரியர் நாளைக் காலையிலேயே தொடங்கிவிடலாம்.